மூன்று பொருள்களின் பாதையைக் கணிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே நிரல், ஒரே தொடக்க எண்கள். கால அடியை (கணக்கு ஒரு தாவலில் முன்னே நகரும் நேரத்தை) மட்டும் பாதியாகக் குறைத்து இரண்டாவது முறை ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் மூன்றாவது பொருள் இடப்பக்கமாகப் பறந்து போய்விட்டது. இரண்டாவது ஓட்டத்தில் அது போகவே இல்லை, மற்ற இரண்டோடும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. நிரலில் எங்கோ தவறு என்று நினைத்து மூன்று வாரம் வரிவரியாகத் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. நான் அதனிடம் எதிர்பார்த்ததுதான் தவறு.

நியூட்டனின் ஈர்ப்பு விதி எளிது. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இரண்டு பொருள்களுக்கு அது அழகான நீள்வட்டத்தைத் தருகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் ஏன் கைவிட்டுப் போகிறது என்பதை நீங்களே கணினியில் ஓட்டிப் பார்த்தால்தான் மனதில் பதியும். பள்ளி இயற்பியலும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தால் போதும். கீழே உள்ள படிகளை ஒரு வாரத்தில் முடிக்கலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் ஐந்தாவது படியைத் தாண்டி ஆறாவதுக்குப் போனதால்தான் அந்த மூன்று வாரம் போனது.

1. உங்கள் மூன்று பொருள்கள் எந்த வகை என்று பாருங்கள்

மூன்று பொருள்கள் என்றாலே கணிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். சூரியன், பூமி, நிலா மூன்றும் மூன்று பொருள்கள்தான். ஆனால் கிரகணங்களை நூற்றாண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொல்ல முடிகிறது. நிலா பூமிக்கு மிக அருகில் சுற்றுகிறது, சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது. அதனால் இதை இரண்டு தனித்தனி நீள்வட்டங்களாக எடுத்துக்கொண்டு, சூரியனின் குறுக்கீட்டைச் சிறு திருத்தமாகச் சேர்க்கலாம். இதை அடுக்கு அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடினமானது மற்ற வகை: நிறைகள் ஏறத்தாழ சமம், தொலைவுகளும் ஏறத்தாழ சமம். அங்கே யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்றே சொல்ல முடியாது. ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் சிக்கல் முதல் வகை என்றால் பாதி வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. "முப்பொருள் சிக்கலுக்குத் தீர்வே கிடையாது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. 1912-இல் சுண்ட்மன் என்ற கணிதவியலாளர் ஒரு முடிவிலித் தொடர் கொடுத்தார். மூன்றும் ஒரே புள்ளியில் மோதும் நிலையைத் தவிர மற்றவற்றுக்கு அது செல்லும். ஆனால் அது குவியும் வேகம், அதாவது உறுப்புகளைக் கூட்டக் கூட்ட உண்மையான விடையை நெருங்கும் வேகம், நம்ப முடியாத அளவுக்கு மெதுவானது. வானியலுக்குப் பயன்படும் துல்லியம் வேண்டுமென்றால் 1-க்குப் பின் 80 லட்சம் பூஜ்யங்கள் கொண்ட எண்ணிக்கையில் உறுப்புகளைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதனால் அதைத் தேடிப் போகாதீர்கள், நமக்கு இருக்கும் வழி அடி அடியாகக் கணினியில் நகர்த்துவதுதான்.

2. தேவையான எண்களை ஒரே கோப்பில் திரட்டுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று இட எண்கள், மூன்று திசைவேக எண்கள். மொத்தம் 18. கூடவே மூன்று நிறைகள். இந்த 21 எண்களும் எங்கிருந்து வந்தன, எந்த அலகு, எத்தனை இலக்கம் வரை நம்பலாம் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

கற்பனை அமைப்பு என்றால் எண்கள் உங்கள் கையில். உண்மையான கோள்கள், குறுங்கோள்கள் வேண்டுமென்றால் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவையில் இலவசமாக எடுக்கலாம். சில நிமிட வேலைதான், ஆனால் கண்ணிகள் அதிகம்:

- மையம். சூரியனின் மையத்திலிருந்து அளந்த எண்களையும், சூரியக் குடும்பத்தின் நிறை மையத்திலிருந்து அளந்த எண்களையும் கலந்துவிடாதீர்கள். மூன்று பொருளுக்கும் ஒரே மையம் வேண்டும்.
- தளம். பூமியின் பாதைத் தளமா, பூமத்திய ரேகைத் தளமா என்று பாருங்கள். இரண்டுக்கும் சுமார் 23.4 பாகை சாய்வு இருக்கிறது.
- கடிகாரம். கோள்களின் அட்டவணைகள் பயன்படுத்தும் நேரத்துக்கும் நம் கடிகாரங்களுக்கு அடிப்படையான உலக நேரத்துக்கும் (UTC) இப்போது சுமார் 69 நொடி வேறுபாடு. சின்ன விஷயம் போலத் தெரியும். பூமி நொடிக்கு 30 கி.மீ. அளவில் ஓடுகிறது. 69 நொடி என்றால் இரண்டாயிரம் கி.மீ. தள்ளிப் போய்விட்டீர்கள்.
- நிறை. ஈர்ப்பு மாறிலியை ஒரு இடத்திலும் சூரியனின் நிறையை வேறு இடத்திலும் எடுத்துப் பெருக்காதீர்கள். ஈர்ப்பு மாறிலி நமக்கு ஐந்து இலக்கம் அளவில்தான் உறுதியாகத் தெரியும். ஆனால் மாறிலியும் சூரிய நிறையும் சேர்ந்த பெருக்கற்பலன் பத்து இலக்கம் அளவுக்குத் தெரியும். அந்தப் பெருக்கற்பலனையே நேராக எடுங்கள்.

கடைசிக் கண்ணியில் நானே விழுந்தேன். பூமியின் ஆண்டுக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அதை முப்பொருள் விளைவு என்று நினைத்து இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

3. அலகுகளைச் சிறிதாக்குங்கள்

மீட்டர், கிலோகிராம், நொடியில் ஓட்டினால் 30 இலக்க எண்களும் பூஜ்யத்தை ஒட்டிய எண்களும் ஒரே சமன்பாட்டில் வரும். தவறு செய்தால் கண்ணில் படாது. கற்பனை அமைப்புக்கு ஈர்ப்பு மாறிலியை 1 என்று வையுங்கள். சூரியக் குடும்பத்துக்குப் பூமி-சூரியன் சராசரித் தொலைவு, ஆண்டு, சூரிய நிறை ஆகியவற்றை அலகாக வைத்தால் மாறிலி சுமார் 39.478 ஆகும். பையின் இருமடியை நான்கால் பெருக்கினால் வருவது அது.

4. முறையைத் தேர்ந்தெடுங்கள்

கணக்கு இப்படி நகரும்: இப்போதைய இடத்திலிருந்து முடுக்கத்தைக் கணித்து, ஒரு சிறு கால அடி முன்னே வைத்து, மறுபடி முடுக்கம். அந்த அடியை எப்படி வைப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

ஆய்லர் முறையை (இப்போதைய திசைவேகமும் முடுக்கமும் அந்த அடி முழுவதும் மாறாது என்று எடுத்துக்கொள்வது) மூன்று வரியில் எழுதலாம். எழுதிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வையுங்கள். சாதாரண வட்டப் பாதையையே வெளிப்புறமாக விரியும் சுருளாக்கிவிடும். அடியைப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் குறையும். லீப்ஃபிராக் முறையில் (திசைவேகத்தை அரை அடி, இடத்தை முழு அடி, மறுபடி திசைவேகத்தை அரை அடி என்று நகர்த்துவது) பிழை நான்கில் ஒரு பங்காகும், ஆற்றலும் நீண்ட ஓட்டத்தில் ஒரு திசையில் நழுவாது. நான்காம் படி ருங்கே-குட்டா முறையில் (ஒரு அடிக்குள் நான்கு முறை முடுக்கத்தைக் கணித்துச் சராசரி எடுப்பது) பதினாறில் ஒரு பங்காகும், ஆனால் ஆற்றல் மெல்ல மெல்ல நழுவும்.

முதல் நாள் லீப்ஃபிராக்கை நீங்களே எழுதுங்கள். புரிந்த பிறகு ரீபவுண்ட் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி அதன் ஐஏஎஸ்15 முறையைப் பயன்படுத்துங்கள். பொருள்கள் நெருங்கும்போது அது தானே அடியைச் சுருக்கிக்கொள்ளும்.

சைப்பையில் (பைத்தானின் அறிவியல் கணக்குத் தொகுப்பு) உள்ள பொதுவான தீர்ப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கண்ணி. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது அனுமதிக்கும் சார்புப் பிழை (எண்ணின் அளவோடு ஒப்பிட்ட பிழை) ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பொருள் கணக்குக்கு அது எந்த வகையிலும் போதாது. லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று நீங்களே மாற்றிக் கொடுங்கள்.

5. விடை தெரிந்த பாதையில் முதலில் ஓட்டுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். மூன்று சம நிறைகள் ஒரே எட்டு வடிவப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டே ஓடும் ஒரு தீர்வு இருக்கிறது. 1993-இல் மூர் என்ற ஆய்வாளர் அதைக் கணினியில் கண்டார். 2000-இல் கணிதவியலாளர்கள் ஷான்சினேரும் மான்ட்கோமெரியும் அப்படி ஒரு பாதை உண்டு என்று நிறுவினார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல சோதனைத் தளம் கிடையாது.

மாறிலி 1, நிறைகள் எல்லாம் 1. எல்லாம் ஒரே தளத்தில் நடப்பதால் மூன்றாவது இட, திசைவேக எண்கள் பூஜ்யம். முதல் பொருளின் இடம் (0.97000436, −0.24308753). இரண்டாவது அதற்கு நேர் எதிர்ப்புறம், இரண்டு குறிகளையும் மாற்றினால் வரும். மூன்றாவது நடுவில், பூஜ்யத்தில். மூன்றாவதன் திசைவேகம் (−0.93240737, −0.86473146). மற்ற இரண்டுக்கும் திசைவேகம் ஒன்றே: மூன்றாவதில் பாதி, குறி மாற்றி. அதாவது (0.466203685, 0.43236573). சுற்றுக்காலம் 6.32591398.

ஓட்டுவதற்கு முன் கையாலேயே சரிபார்க்க மூன்று விஷயம் இருக்கிறது. திசைவேகங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமா? ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைத்தொலைவு 1, ஒன்றுக்கும் இரண்டுக்கும் 2. அப்படியானால் நிலை ஆற்றல் −2.5 வருகிறதா? மொத்த ஆற்றல் சுமார் −1.28714 தானா? மூன்றும் சரியென்றால் ஒரு சுற்றுக்காலம் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும்.

எட்டு இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கொடுத்த எண்களே எட்டு இலக்கம்தான். விடையில் பதினைந்து இலக்கம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதற்காக ஒரு மாலை முழுவதும் நான் வீணாகத் தேடியிருக்கிறேன்.

6. நெருக்கமான சந்திப்பைச் சமாளியுங்கள்

இப்போது உண்மையான சோதனை. பித்தாகரஸ் சிக்கல் என்று பெயர். 3, 4, 5 நிறைகளை 3-4-5 செங்கோண முக்கோணத்தின் முனைகளில் வைத்து, அசையாமல் விட்டுவிட வேண்டும். இடங்கள்: 3 நிறை (1, 3), 4 நிறை (−2, −1), 5 நிறை (1, −1). திசைவேகம் எல்லாம் பூஜ்யம். மொத்த ஆற்றல் −12.8167 வர வேண்டும். கோண உந்தமும் பூஜ்யம்.

பார்க்க எளிது. விட்ட உடனே மூன்றும் உள்நோக்கி விழுந்து, ஒன்றையொன்று மிக நெருக்கமாகக் கடந்து, சிக்கிச் சிக்கி ஆடும். நேரம் 60 அளவில் 3 நிறை வெளியே எறியப்படும். 4-உம் 5-உம் இரட்டையாகச் சுற்றும். 1967-இல் செபெஹெலியும் பீட்டர்ஸும் முழுமையாகக் கணித்த விடை இது. உங்கள் நிரல் வேறு பொருளை வெளியே எறிந்தால் உங்கள் நிரல்தான் தவறு.

ஏன் தவறும்? இரண்டு பொருள்கள் 0.01 தொலைவுக்கு நெருங்குகின்றன, கூட்டு நிறை 8 என்று வையுங்கள். அந்தச் சந்திப்பு நடந்து முடியும் கால அளவு சுமார் 0.00035 (தொலைவின் மும்மடியை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்). உங்கள் கால அடி 0.001 என்றால், இரண்டும் நெருங்கி, வளைந்து, பிரிந்து போவது முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிட்டீர்கள். கணினிக்கு அங்கே என்ன நடந்தது என்றே தெரியாது. ஆற்றல் வரைபடத்தில் அந்த இடத்தில் படிக்கட்டு போல ஒரு குதிப்பு தெரியும்.

அடியை எல்லா இடத்திலும் சிறிதாக்குவது வீண் செலவு. தொலைவுக்கு ஏற்ப அடி மாறும் முறைதான் வழி. அப்புறம், மிகச் சிறிய அடியிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு அடியிலும் கடைசி இலக்கத்தைக் கணினி முழுமையாக்குவதால் கோடிக்கணக்கான அடிகளில் அந்தத் துணுக்குகளே சேர்ந்து பிழையாகும்.

எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில் தொலைவோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டியிருப்பார்கள், வகுத்தி பூஜ்யமாகாமல் இருக்க. விண்மீன் கூட்டங்களுக்கு அது பொருந்தலாம். மூன்று பொருளுக்கு வேண்டாம். பாதை வழுவழுப்பாக வரும், ஆற்றலும் நிலையாக இருக்கும், ஆனால் நீங்கள் தீர்ப்பது வேறொரு ஈர்ப்பு விதியை.

7. எதுவரை நம்பலாம் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாம். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு பொருள்கள் மட்டும் இருந்தால் தொடக்கப் பிழை கூட்டல் கணக்கில் வளரும். சுற்றுக்காலத்தில் ஒரு நொடி தவறினால் பத்தாவது சுற்றில் பத்து நொடி, நூறாவதில் நூறு நொடி. முன்கூட்டியே சொல்லிவிடலாம், திருத்தியும் விடலாம்.

மூன்றாவது வந்ததும் அது பெருக்கல் கணக்காகிறது. ஒரு பொருள் மற்றொன்றை நெருங்கிக் கடக்கிறது. ஒரு மயிரிழை உள்ளே போனால் இழுப்பு அதிகம், திருப்பமும் அதிகம். வெளியே போனால் குறைவு. ஆக, மயிரிழை அளவு இட வேறுபாடு, வெளியேறும்போது சிறு கோண வேறுபாடாக மாறுகிறது. கோண வேறுபாடு போகப்போக விரியும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அது மயிரிழை இல்லை, விரல் அகலம். அந்த விரல் அகலம்தான் அடுத்த சந்திப்பின் தொடக்கப் பிழை. சந்திப்புக்குச் சந்திப்பு இப்படிப் பெருகிக்கொண்டே போகும். சமன்பாட்டில் எந்த மர்மமும் இல்லை, தற்செயலும் இல்லை. பெருக்கல்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. முதல் ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் ஒரே ஒரு பொருளின் ஒரே ஒரு இட எண்ணை லட்சம் கோடியில் ஒரு பங்கு நகர்த்துங்கள், வேறெதையும் தொடாதீர்கள். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையிலான தொலைவை மடக்கை அளவில் நேரத்துக்கு எதிராக வரையுங்கள். மேல்நோக்கி ஏறும் நேர்கோடு கிடைத்தால் பிழை பெருக்கலாக வளர்கிறது. கோடு அமைப்பின் அளவை எட்டித் தட்டையாகும் இடத்தில் உங்கள் கணிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது ஓட்டத்தில் அடியைப் பாதியாக்குங்கள். நான்காவதில் முறையையே மாற்றுங்கள். ஒவ்வொன்றும் முதல் ஓட்டத்தைவிட்டு எப்போது பிரிகிறது என்று குறியுங்கள். அவற்றில் மிகக் குறைந்த நேரம்தான் உங்கள் நம்பகக் காலம்.

பிழை ஏறத்தாழ 2.7 மடங்காகும் நேரத்துக்கு லியாபுனோவ் காலம் என்று பெயர். சூரியக் குடும்பத்தின் உள்கோள்களுக்கு அது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். 1989-இல் வானியலாளர் லாஸ்கர் காட்டியது இது: பூமியின் இடத்தில் இன்று 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டர்தான். பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கி.மீ. ஆகிவிடும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவே அவ்வளவுதான்.

இரண்டு கண்ணிகள். ஆற்றல் மாறாமல் இருப்பதால் பாதை சரி என்று எண்ணாதீர்கள். ஒரே ஆற்றல் கொண்ட பாதைகள் எண்ணற்றவை. நீங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவினாலும் ஆற்றல் மாறாது. ஆற்றல் கெட்டால் விடை தவறு என்பது உறுதி, ஆனால் ஆற்றல் கெடாதது எதையும் உறுதி செய்யாது. அடுத்தது, திசைவேகங்களைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டும் சோதனை. நிலையான அடி கொண்ட லீப்ஃபிராக் இயல்பிலேயே பின்னோக்கியும் அதே தடத்தில் போகக்கூடியது. அடி பெரிதாகித் தவறான பாதையில் போனாலும், நீண்ட நேரம் சமர்த்தாகத் திரும்பி வரும். அந்தச் சோதனையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

8. செலவைக் கணக்கிடுங்கள்

பணம் எதுவும் வேண்டாம். பைத்தான், சைப்பை, ரீபவுண்ட் எல்லாம் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். வட்டில் இடம்: 18 எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட்டு, ஒரு அடிக்கு 144 பைட்டு. பத்து லட்சம் அடிகளைச் சேமித்தால் 144 மெகாபைட்டு. நூறில் ஒரு அடியை மட்டும் சேமியுங்கள், வரைபடத்துக்கு அது போதும்.

நேரச் செலவுதான் உண்மையான செலவு. பிழை ஒவ்வொரு 5 அலகு நேரத்துக்கும் பத்து மடங்காகிறது என்று வையுங்கள். லட்சம் கோடியில் ஒரு பங்கில் தொடங்கினால் 60 அலகில் பிழை 1-ஐ எட்டும். துல்லியத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் கிடைப்பது 60-லிருந்து 65 வரைதான். 120 வரை போக வேண்டுமென்றால் இன்னும் 12 இலக்கம் தேவை. நான்காம் படி ருங்கே-குட்டாவில் அடியைப் பத்து முறை பாதியாக்க வேண்டும். ஆயிரம் மடங்குக்கு மேல் கணக்கு. அதற்குள் வேறொரு சுவர் வந்துவிடும்: கணினியின் வழக்கமான எண்களில் 15, 16 இலக்கம்தான் இருக்கிறது. அதற்கு மேல் போக அதிக இலக்கம் தாங்கும் நூலகங்கள் உண்டு, பல மடங்கு மெதுவாக ஓடும்.

வேகமான கணினி வாங்கினால் தீருமா என்று கேட்பவர்களுக்கு: 2020-இல் போக்ஹோல்ட்டும் அவரது குழுவினரும் மூன்று கருந்துளைகள் கொண்ட அமைப்புகளை மிக உயர்ந்த துல்லியத்தில் ஓட்டினார்கள். அவற்றில் நூற்றுக்கு ஐந்து வரை, தொடக்க இடங்களைப் பிளாங்க் நீளத்தைவிட (அணுக்கருவையும்விடப் பல மடங்கு சிறிய, இயற்பியலின் மிகச் சிறிய நீள அளவு) சிறிய அளவுக்கு அறிந்தால்தான் பின்னோக்கித் திரும்ப ஓட்ட முடியும் என்று கண்டார்கள். அந்தத் துல்லியத்தை எந்த அளவுகோலும் தராது.

9. ஒரு பாதையை விட்டு, ஒரு கூட்டத்தை ஓட்டுங்கள்

நம்பகக் காலத்துக்கு அப்பால் "அந்தப் பொருள் எங்கே இருக்கும்" என்று கேட்காதீர்கள். "நூறில் எத்தனை முறை அது வெளியே எறியப்படும்" என்று கேளுங்கள். இதற்கு விடை உண்டு. தொடக்க எண்களை அவற்றின் அளவீட்டுப் பிழைக்குள் சிறிது சிறிதாக மாற்றி ஆயிரம் ஓட்டம் ஓட்டி, முடிவுகளை எண்ணுங்கள். ஒரு ஓட்டம் மற்றொன்றைச் சார்ந்தது இல்லை. அதனால் இரவு முழுவதும் கணினிச் செயலியின் எல்லா உள்ளகங்களிலும் (கோர்களிலும்) பிரித்து ஓட விடலாம்.

2009-இல் லாஸ்கரும் காஸ்தினோவும் சூரியக் குடும்பத்தை இப்படித்தான் 2501 முறை ஓட்டினார்கள், ஒவ்வொன்றும் 500 கோடி ஆண்டு. ஓட்டத்துக்கு ஓட்டம் புதனின் பாதை அளவில் வேறுபாடு 0.38 மில்லிமீட்டர்தான். சுமார் நூற்றில் ஒரு பங்கு ஓட்டங்களில் புதனின் பாதை மிகவும் நீண்டுபோய், வெள்ளியின் மீதோ சூரியன் மீதோ மோதும் நிலைக்கு வந்தது.

10. முடிவோடு சேர்த்து இவற்றை எழுதுங்கள்

தொடக்க எண்கள் முழு இலக்கங்களோடு, அவை வந்த இடம், அலகுகள், முறையின் பெயர், அடி அல்லது பிழை வரம்பு, ஆற்றல் அதிகபட்சமாக எவ்வளவு விலகியது, நம்பகக் காலம். தொடக்க எண்களை அச்சுக்காகச் சுருக்கி எழுதாதீர்கள். ஆறு இலக்கத்தோடு எழுதி வைத்த என் பழைய ஓட்டம் ஒன்றை என்னாலேயே மறுபடி உருவாக்க முடியவில்லை. பாதையை வரையும்போது நம்பகக் காலம் வரை அழுத்தமான கோடும், அதற்கு அப்பால் புள்ளிக்கோடும் போடுகிறேன். மாதங்கள் கழித்துப் படத்தைத் திறந்தாலும், எந்த வளைவு வரை கணிப்பு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.